‘ஸ்டார் ட்ரெக்’ விண்கலத்தில் ஒரு கே ஜோடிக்கு இடம் கிடைக்க 51 ஆண்டுகள் ஆனது ஏன்?

இரவு நேரம். விண்கலத்தின் ஒரு சின்ன அறையில் இரண்டு ஆண்கள் கண்ணாடி முன்னால் நின்று பல் துலக்குகிறார்கள். ஒருவர் டாக்டர், இன்னொருவர் விஞ்ஞானி. அன்றைக்குத்தான் அந்த விஞ்ஞானி ஆபத்தான ஒரு பரிசோதனையைத் தன் உடம்பிலேயே செய்து பார்த்திருக்கிறார். டாக்டருக்குக் கோபம். அந்தக் கோபத்துக்குள் பயமும் இருக்கிறது. இரண்டு பேரும் கொஞ்சம் பேசிக்கொள்கிறார்கள்.

அவ்வளவுதான் காட்சி. லேசர் சண்டை கிடையாது, வெடிக்கிற கிரகம் கிடையாது. ஆனால் 2017 அக்டோபரில் இந்த எபிசோட் வெளியானபோது, உலகம் முழுக்க ‘ஸ்டார் ட்ரெக்’ ரசிகர்கள் பலர் இந்தச் சில நிமிடங்களைத்தான் கொண்டாடினார்கள். காரணம், 1966-ல் தொடங்கிய இந்த சீரிஸ் வரிசையில் முக்கியப் பாத்திரங்களாக ஒரு தன்பாலீர்ப்பு ஜோடியைக் காட்டியது அதுதான் முதல் முறை.

300 ஆண்டுகளுக்குப் பிறகு மனிதர்கள் எப்படி வாழ்வார்கள் என்று கற்பனை செய்த ஒரு கதைக்கு, பக்கத்து வீட்டில் இன்றைக்கே வாழ்கிற இரண்டு பேரைக் காட்ட ஏன் இவ்வளவு காலம் ஆனது? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், ‘ஸ்டார் ட்ரெக்’ என்றால் என்ன?

அமெரிக்காவின் என்.பி.சி. சேனலில் 1966 செப்டம்பர் 8 அன்று தொடங்கிய அறிவியல் புனைவு சீரிஸ் இது. உருவாக்கியவர் ஜீன் ராடன்பெரி. 23-ம் நூற்றாண்டில் ‘என்டர்பிரைஸ்’ என்ற விண்கலம் புதிய உலகங்களைத் தேடிப் போகிறது. பூமியில் வறுமை இல்லை, இனவெறி இல்லை, நாடுகளுக்குள் போர் இல்லை. இதுதான் அடிப்படைக் கதை.

அந்தக் காலத்து அமெரிக்காவை நினைத்துப் பார்த்தால்தான் இதில் இருந்த துணிச்சல் புரியும். கறுப்பினத்தவர்கள் சம உரிமைக்காகத் தெருவில் போராடிக்கொண்டிருந்த நேரத்தில், உஹுரா என்ற கறுப்பினப் பெண் அதிகாரி விண்கலத்தின் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தார். ஜப்பானுடன் நடந்த போர் முடிந்து 21 ஆண்டுகளே ஆகியிருந்தன. அப்போது சூலு என்ற ஆசியர் கப்பலை ஓட்டினார். பனிப்போர் உச்சத்தில் இருந்தபோது, செகோவ் என்ற ரஷ்யரும் வந்து சேர்ந்தார்.

1968 நவம்பர் 22 அன்று ஒளிபரப்பான எபிசோடில் கேப்டன் கிர்க்கும் உஹுராவும் முத்தமிட்டுக்கொண்டார்கள். கதைப்படி அது வேற்றுக்கிரகவாசிகள் கட்டாயப்படுத்தியதால் நடந்த முத்தம். இருந்தாலும் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் அமெரிக்க டிவியில் முத்தமிட்ட ஆரம்பகாலக் காட்சிகளில் ஒன்றாக அது இன்றும் பேசப்படுகிறது. இரு இனத்தவர் திருமணம் செய்யத் தடை விதித்த மாநிலச் சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததே அதற்கு முந்தைய ஆண்டான 1967-ல்தான்.

ஆக, சீரிஸுக்குத் துணிச்சல் இருந்தது. எல்லோருக்கும் அந்தக் கப்பலில் இடமும் இருந்தது, ஒரு கூட்டத்தைத் தவிர.

சூலுவாக நடித்தவர் கேட்ட கேள்வி

சூலுவாக நடித்த ஜார்ஜ் டகேயின் வாழ்க்கையே ஒரு தனிக்கதை. இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காக அமெரிக்க அரசு அவரது குடும்பத்தை முகாமில் அடைத்தது. அப்போது அவருக்கு 5 வயது. பெரியவரானதும் இன்னொரு விஷயத்தையும் மறைத்து வாழ வேண்டியிருந்தது. டகேய் ஒரு தன்பாலீர்ப்பாளர். அது வெளியே தெரிந்தால் நடிப்பு வாய்ப்பு போய்விடும் என்ற பயத்தில், பல பத்தாண்டுகள் வாயைத் திறக்கவில்லை.

தன்பாலீர்ப்பாளர்கள் பற்றியும் சீரிஸில் பேசலாமே என்று 1960-களின் கடைசியில் ராடன்பெரியிடம் தனியாகக் கேட்டதாக டகேய் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தன்னைப் பற்றிச் சொல்லாமல், பொதுவாகத்தான் கேட்டிருக்கிறார். கிர்க்-உஹுரா முத்தக் காட்சியால் தென் மாநிலங்களில் எதிர்ப்பு வந்து ரேட்டிங் அடிவாங்கியது, இதற்கு மேல் போனால் ஷோவையே நிறுத்திவிடுவார்கள் என்பதுதான் ராடன்பெரி சொன்ன பதில் என்கிறார் டகேய்.

பதில் நியாயமா, சாக்கா என்பதை இன்றைக்குத் தீர்ப்பு சொல்வது சுலபம். எப்படியும் 1969-ல் ஷோ நின்றுபோனது.

2005-ல், 68 வயதில், டகேய் தன்னைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். ஒரே பாலினத் திருமணத்துக்கு வழிசெய்யும் மசோதாவை கலிஃபோர்னியா ஆளுநராக இருந்த அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் நிராகரித்ததுதான் தன்னைப் பேச வைத்தது என்றார். 2008-ல் தன் நீண்டகாலத் துணையான பிராட் ஆல்ட்மேனைத் திருமணம் செய்துகொண்டார். மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் செகோவாக நடித்த வால்டர் கோனிக். உஹுராவாக நடித்த நிஷெல் நிக்கோல்ஸும் பக்கத்தில் நின்றார். கதையில் நடக்காதது, கதையில் நடித்தவர்களின் வாழ்க்கையில் நடந்துவிட்டது.

1986: பாஸ்டனில் கொடுத்த வாக்கு

1980-களில் ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற புதிய சீரிஸுக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. 1986 நவம்பரில் பாஸ்டன் நகரில் நடந்த ரசிகர் மாநாட்டில், புதிய கப்பலில் தன்பாலீர்ப்பாளர்கள் இருப்பார்களா என்று ராடன்பெரியிடம் ஒருவர் கேட்டார். அதற்கான நேரம் வந்துவிட்டது என்ற பொருளில் ராடன்பெரி சம்மதம் சொன்னார்.

அந்த வாக்கைக் கேட்டுக்கொண்டு கூடவே இருந்தவர் டேவிட் ஜெரோல்ட். பழைய சீரிஸின் புகழ்பெற்ற எபிசோடுகளில் ஒன்றை எழுதியவர், தானும் ஒரு தன்பாலீர்ப்பாளர். அவர் உட்கார்ந்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். பெயர் ‘பிளட் அண்ட் ஃபயர்’, அதாவது ரத்தமும் நெருப்பும்.

கதை இதுதான். ஒரு கப்பலில் ரத்தத்தின் வழியே பரவும் கொடிய தொற்று. உள்ளே போனால் உயிருக்கு ஆபத்து, உதவாமல் விட்டால் அங்கிருப்பவர்கள் செத்துவிடுவார்கள். அது எய்ட்ஸ் பீதி உச்சத்தில் இருந்த நேரம். ரத்த தானம் கொடுத்தாலே நோய் வந்துவிடும் என்று மக்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தைப் போக்க வேண்டும், எபிசோடின் முடிவில் ரத்த தானம் பற்றி ஒரு அறிவிப்பும் போட வேண்டும் என்பது ஜெரோல்டின் எண்ணம்.

அந்தக் கதையில் ஃப்ரீமன், ஈக்கின்ஸ் என்று இரண்டு ஆண் பாத்திரங்கள். அவர்கள் ஜோடி என்பது, எத்தனை நாளாகச் சேர்ந்து இருக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்பதிலும் அதற்கு வரும் பதிலிலும்தான் தெரியும். முத்தம் இல்லை, படுக்கையறை இல்லை.

அதுவே அதிகமாகிவிட்டது.

ஸ்கிரிப்ட் ஏன் படமாகவில்லை?

இங்கே அமெரிக்க டிவி வியாபாரம் நடந்த விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ ஒரே சேனலில் வந்த சீரிஸ் கிடையாது. பாரமவுண்ட் நிறுவனம் அதை ஊர் ஊராக இருந்த உள்ளூர் ஸ்டேஷன்களுக்குத் தனித்தனியாக விற்றது. எத்தனை மணிக்குப் போடுவது என்பதை அந்தந்த ஸ்டேஷனே முடிவு செய்யும். சில ஊர்களில் பிள்ளைகள் பள்ளி முடிந்து வரும் நேரத்திலும் ஓடும். ஒரு ஸ்டேஷன் கோபித்துக்கொண்டால் அந்த ஊரே போச்சு.

பகல் நேரத்தில் இதைப் போட்டால் தாய்மார்கள் புகார்க் கடிதம் எழுதுவார்கள் என்று அலுவலகத்தில் எதிர்ப்பு வந்ததாக ஜெரோல்ட் சொல்லியிருக்கிறார். ஸ்கிரிப்டை வேறொருவரிடம் கொடுத்து மாற்றி எழுதச் சொன்னார்கள். புதிய வடிவத்தில் அந்த ஆண் ஜோடி இல்லை. கடைசியில் அதுவும் படமாகவில்லை. ஜெரோல்ட் ஷோவை விட்டு வெளியேறினார்.

நாட்டின் சட்டமும் அப்போது எதிர்ப்பக்கம்தான் இருந்தது. பாஸ்டன் மாநாட்டுக்கு ஐந்து மாதம் முன்புதான், 1986 ஜூன் 30 அன்று, தன்பாலீர்ப்பாளர்களின் அந்தரங்க உறவைக் குற்றமாக்கும் மாநிலச் சட்டம் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 2003-ல்தான் அந்தத் தீர்ப்பை அதே நீதிமன்றம் மாற்றிக்கொண்டது.

ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. ‘கேலாக்ஸியன்ஸ்’ என்ற தன்பாலீர்ப்பு ரசிகர் அமைப்பு 1991-ல் பாரமவுண்டுக்குக் கடிதம் எழுதும் இயக்கம் நடத்தியது. அதே ஆண்டு, அடுத்த சீசனில் தன்பாலீர்ப்பாளர்களைக் காட்டுவோம் என்று ராடன்பெரி மறுபடியும் வாக்குக் கொடுத்தார். 1991 அக்டோபர் 24 அன்று அவர் காலமானார். வாக்கும் அவரோடு போனது.

ஜெரோல்டின் ஸ்கிரிப்ட் என்ன ஆனது? ரசிகர்களே சேர்ந்து இணையத்துக்காக எடுத்த ஒரு ‘ஸ்டார் ட்ரெக்’ சீரிஸில், 2008-ல் அவரே அதை இயக்கினார். ஸ்டுடியோ எடுக்க மறுத்ததை ரசிகர்கள் எடுத்தார்கள்.

மறைமுகமாகச் சொன்னால் போதாதா?

ராடன்பெரி மறைந்த சில மாதங்களில், 1992 மார்ச்சில் ‘தி அவுட்காஸ்ட்’ என்ற எபிசோட் வந்தது. ஆண், பெண் என்ற வேறுபாடே இல்லாத ஓர் இனம். அதில் ஒருவர் தன்னைப் பெண்ணாக உணர்கிறார். அந்தச் சமூகத்தில் அது குற்றம். பிடித்துக்கொண்டு போய் ‘சிகிச்சை’ கொடுத்து மனதையே மாற்றிவிடுகிறார்கள். தன்பாலீர்ப்பாளர்களுக்குக் கொடுக்கப்பட்ட கட்டாய ‘மாற்று சிகிச்சை’களைத்தான் கதை மறைமுகமாகச் சொன்னது.

ஆனால் கப்பலின் அதிகாரி ரைக்கர் காதலிக்கும் அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் ஒரு பெண். அந்த இனத்தில் பேசிய எல்லாப் பாத்திரங்களுக்கும் நடிகைகளையே போட்டிருந்தார்கள். ஆக, திரையில் தெரிந்தது என்னவோ ஓர் ஆணும் பெண்ணும் முத்தமிடுவதுதான். ரைக்கராக நடித்த ஜோனதன் ஃப்ரேக்ஸே, அந்தப் பாத்திரத்தில் ஓர் ஆண் நடித்திருக்க வேண்டும் என்று பிறகு சொன்னார்.

1995 அக்டோபரில் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ சீரிஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. ஜாட்ஸியா டாக்ஸ் என்ற பெண் அதிகாரி, முற்பிறவி போன்ற ஒரு வாழ்க்கையில் ஆணாக இருந்தவர். அப்போது மனைவியாக இருந்தவர் இப்போது வேறொரு பெண்ணாக எதிரே வந்து நிற்கிறார். இருவரும் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். இரண்டு பேரும் பெண்கள் என்பதைப் பற்றிக் கதையில் ஒருவர்கூடப் பேசவில்லை. முற்பிறவி உறவைத் தொடரக் கூடாது என்ற அந்த இனத்துக் கட்டுப்பாடுதான் பிரச்னை. ரசிகர்கள் பலருக்கு இன்றும் பிடித்த எபிசோட் இது. ஆனாலும் ஒரே எபிசோடோடு அந்தக் காதல் முடிந்துவிட்டது.

உருவகமாகச் சொல்வதில் ஒரு நன்மை இருக்கிறது. தணிக்கையைத் தாண்டிவிடலாம், எதிர்ப்பவரையும் உட்கார வைத்துக் கேட்க வைக்கலாம். அதே நேரத்தில், பார்க்கிற 15 வயதுப் பையனுக்கு அது என்ன சொல்கிறது? உன் வலியைக் கதையாக்குவோம், உன்னைக் கதையில் சேர்க்க மாட்டோம் என்கிறது. ‘எக்ஸ்-மென்’ படங்களின் மியூட்டன்ட்கள் மீதும் இதே விமர்சனம் உண்டு. 2003-ல் வந்த இரண்டாம் பாகத்தில், தான் ஒரு மியூட்டன்ட் என்று மகன் பெற்றோரிடம் சொல்லும் காட்சி, தன்பாலீர்ப்பாளர் ஒருவர் வீட்டில் உண்மையைச் சொல்வது போலவே எழுதப்பட்டிருக்கும்.

மற்றவர்கள் முந்திவிட்டார்கள்

புத்தகங்கள் ரொம்ப முன்னாலேயே போய்விட்டன. கறுப்பினத்தவரும் தன்பாலீர்ப்பாளருமான சாமுவேல் டெலானி 1967-லேயே பாலீர்ப்பைப் பற்றிய அறிவியல் புனைவுச் சிறுகதை எழுதி, நெபுலா விருது வாங்கினார். 1969-ல் உர்சுலா லெ குவின் எழுதிய ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’ நாவலில், மனிதர்கள் ஆணாகவும் பெண்ணாகவும் மாறி மாறி வாழ்வார்கள். அந்த நாவலில்கூட ஒரே பாலின உறவுக்கு இடம் கொடுக்காமல் விட்டது தன் தவறு என்று லெ குவின் பிற்காலத்தில் எழுதினார். எல்லோருக்கும் இந்த நேர்மை வந்துவிடாது.

டிவியும் முந்திக்கொண்டது. 1998-ல் ‘வில் அண்ட் கிரேஸ்’ என்ற காமெடி சீரிஸ் ஒரு தன்பாலீர்ப்பாளரை முதன்மைப் பாத்திரமாக்கி அமெரிக்க வீடுகளுக்குள் போனது. இங்கிலாந்தின் ‘டாக்டர் ஹூ’ 2005-ல் கேப்டன் ஜாக் என்ற பாத்திரத்தைக் கொண்டுவந்தது. ஆண், பெண் இருவர் மீதும் ஈர்ப்பு உள்ளவர் அவர். அமெரிக்கா முழுக்க ஒரே பாலினத் திருமணம் சட்டப்படி செல்லும் என்ற தீர்ப்பு 2015-ல் வந்துவிட்டது.

அதாவது, எதிர்காலத்தைக் காட்டும் சீரிஸ் நிகழ்காலத்துக்குப் பின்னால் நின்றது.

‘காட்டு, பிறகு கொன்றுவிடு’ என்ற பழக்கம்

காட்டியவர்களும் எப்படிக் காட்டினார்கள் என்பது அடுத்த கேள்வி. ஒரு தன்பாலீர்ப்புப் பாத்திரத்தைக் கொண்டுவருவது, காதலில் கொஞ்சம் சந்தோஷப்பட விடுவது, உடனே கொன்றுவிடுவது. இந்தப் பழக்கத்துக்கு விமர்சகர்கள் பெயரே வைத்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் ‘பரி யுவர் கேஸ்’ என்பார்கள். தன்பாலீர்ப்பாளர்களைப் புதைத்துவிடு என்று பொருள்.

2002-ல் ‘பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்’ சீரிஸில் டாரா பாத்திரம், காதலியுடன் மீண்டும் சேர்ந்த கையோடு துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானது. 2016 மார்ச்சில் ‘தி 100’ சீரிஸில் லெக்சா என்ற வீராங்கனைக்கும் அதே கதி. காதலியுடன் சேர்ந்த சற்று நேரத்தில், வேறு யாருக்கோ வைத்த குண்டு பாய்ந்து செத்துப்போனார்.

இந்த முறை ரசிகர்கள் விடவில்லை. சமூக வலைதளத்தில் பெரிய போராட்டம் நடந்தது. வெறும் திட்டோடு நிற்காமல், தற்கொலை எண்ணத்தோடு போராடும் இளம் தன்பாலீர்ப்பாளர்களுக்கு உதவும் அமைப்புக்கு நிதியும் திரட்டினார்கள். சீரிஸின் தயாரிப்பாளர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

கதையில் யாரும் சாகக் கூடாதா என்று கேட்கலாம். சாகலாம். நூறு ஜோடிகளைக் காட்டும் கதை உலகத்தில் பத்துப் பேர் செத்தால் அது கதை. ஒரே ஒரு ஜோடியைக் காட்டி அதிலும் ஒருவரைக் கொன்றால், பார்க்கிறவர் அதிலிருந்து வேறு பாடம் எடுத்துக்கொள்வார்.

2016: சூலுவுக்கு ஒரு கணவர்

2016-ல் வந்த ‘ஸ்டார் ட்ரெக் பியாண்ட்’ படத்தில் சூலுவாக நடித்தவர் ஜான் சோ. நீண்ட பயணம் முடித்து இறங்கும் சூலுவை வரவேற்க, அவரது கணவரும் சின்ன மகளும் காத்திருக்கிறார்கள். சில நொடிக் காட்சி. டகேய்க்கு மரியாதை செய்யத்தான் சூலுவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆனால் டகேய்க்கு இது பிடிக்கவில்லை! ராடன்பெரி சூலுவை அப்படி உருவாக்கவில்லை, புதிதாக ஒரு பாத்திரத்தை உருவாக்கியிருக்கலாமே என்றார். படத்தின் எழுத்தாளர்களில் ஒருவரும் நடிகருமான சைமன் பெக் மரியாதையோடு மறுத்தார். புதிய பாத்திரம் என்றால் அவரை ‘அந்த கே ஆள்’ என்றுதான் பார்ப்பார்கள், ஏற்கெனவே தெரிந்த, பிடித்த ஒருவர் என்றால் இயல்பாக ஏற்பார்கள் என்பது அவர் வாதம். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. இருவரும் முத்தமிடும் காட்சியும் எடுக்கப்பட்டது, பிறகு வெட்டப்பட்டது என்று ஜான் சோ ஒரு பேட்டியில் சொன்னார்.

2017: என்ன மாறியது?

அடுத்த ஆண்டு வந்த ‘ஸ்டார் ட்ரெக்: டிஸ்கவரி’ சீரிஸில்தான் ஆரம்பத்தில் சொன்ன பல் துலக்கும் காட்சி வருகிறது. விஞ்ஞானி ஸ்டாமெட்ஸாக ஆண்டனி ராப், டாக்டர் கல்பராக வில்சன் க்ரூஸ். இரண்டு நடிகர்களுமே வெளிப்படையான தன்பாலீர்ப்பாளர்கள்.

முக்கியமாக இரண்டு விஷயங்கள் மாறியிருந்தன.

ஒன்று, வியாபாரம். ‘டிஸ்கவரி’ அமெரிக்காவில் சந்தா கட்டிப் பார்க்கும் ஸ்ட்ரீமிங் தளத்துக்காக எடுக்கப்பட்டது. பகல் நேரத்தில் ஓட்டும் உள்ளூர் ஸ்டேஷனுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

இரண்டு, கதை எழுதும் அறைக்குள் உட்கார்ந்திருந்தவர்கள். சீரிஸை உருவாக்கியவர்களில் ஒருவரான பிரையன் ஃபுல்லர் தன்பாலீர்ப்பாளர். 1990-களில் ‘வாயேஜர்’ சீரிஸில் அவர் எழுத்தாளராக இருந்தபோது, செவன் ஆஃப் நைன் என்ற பெண் பாத்திரம் தன்பாலீர்ப்பாளராக இருக்கப்போகிறது என்று ஒரு வதந்தி பரவியது. வெறுப்புக் கடிதங்கள் வந்து குவிந்தன. அந்தக் கடிதங்களைத் தூக்கிப் போடாமல் ஒரு ஃபைலில் வைத்திருந்ததாகவும், வாய்ப்பு கிடைத்தால் கட்டாயம் செய்வது என்று முடிவெடுத்ததாகவும் ஃபுல்லர் சொன்னார்.

இந்தக் கதைக்கு ஒரு பின்னிணைப்பும் உண்டு. 2020-ல் ‘பிக்கார்ட்’ சீரிஸின் முதல் சீசன் முடியும்போது, அதே செவன் ஆஃப் நைன் ராஃபி என்ற பெண்ணின் கையைக் கோத்துக்கொள்கிறார். அன்றைய வதந்தி உண்மையாகிவிட்டது.

கல்பரின் சாவும் திரும்பி வந்ததும்

2018 ஜனவரி 7 அன்று ரசிகர்களுக்கு அதிர்ச்சி. டாக்டர் கல்பர் கழுத்து முறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். ‘மறுபடியும் அதே பழக்கமா?’ என்று கோபம் வெடித்தது. கதை முடியவில்லை, பொறுத்திருங்கள் என்று தயாரிப்பாளர்களும் நடிகர்களும் அன்றைக்கே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. சொன்னபடி 2019-ல் இரண்டாவது சீசனில் கல்பர் உயிரோடு திரும்பினார். 2024 மே மாதம் சீரிஸ் முடியும்வரை அந்த ஜோடி கப்பலில் இருந்தது. மூன்றாவது சீசனில் ஒரு திருநம்பிப் பாத்திரமும், தன்னை ஆண் என்றோ பெண் என்றோ சொல்லாத ஒரு பாத்திரமும் வந்தார்கள். ஸ்டாமெட்ஸும் கல்பரும் அவர்களைச் சொந்தப் பிள்ளைகள் போலப் பார்த்துக்கொண்டார்கள்.

இந்தியாவில் பார்த்தவர்களுக்கு?

அப்போது ‘டிஸ்கவரி’ இந்தியாவில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. பல் துலக்கும் காட்சி வெளியான 2017-ல், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவுப்படி, திரையில் காட்டப்பட்ட அந்த உறவு இங்கே குற்றம். 2018 செப்டம்பர் 6 அன்றுதான், வயது வந்தவர்கள் மனமொத்து வைத்துக்கொள்ளும் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே பாலினத் திருமணத்தைச் சட்டப்படி அங்கீகரிக்க 2023 அக்டோபர் 17 அன்று அதே நீதிமன்றம் மறுத்துவிட்டது. அதை முடிவு செய்ய வேண்டியது நாடாளுமன்றம் என்றது.

ஒரு சீரிஸில் யார் வருகிறார்கள் என்பது ஏன் முக்கியம்?

நிஜ விண்வெளியில் இருந்தே ஓர் உதாரணம். சாலி ரைட், விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கப் பெண். 1983-ல் பறந்தார். நாடே கொண்டாடிய முகம். 2012 ஜூலை 23 அன்று அவர் இறந்த பிறகு வெளியான இரங்கல் குறிப்பில்தான் ஒரு விஷயம் உலகத்துக்குத் தெரிந்தது. டாம் ஓஷானசி என்ற பெண் 27 ஆண்டுகளாக அவரது வாழ்க்கைத் துணை.

கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த உறவு தொடங்கியது 1985 வாக்கில். அடுத்த ஆண்டு பாஸ்டனில் ராடன்பெரி வாக்குக் கொடுக்கிறார். அந்த வாக்கு டிவியில் நிறைவேறுவதற்குள் சாலி ரைட் இறந்து ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. விண்வெளிக்கே போய் வந்தவரால்கூட, வீட்டுக்கு வந்ததும் யாரோடு இரவுச் சாப்பாடு சாப்பிடுகிறார் என்பதை ஊருக்குச் சொல்ல முடியவில்லை.

கடைசிவரை இந்தக் கதையில் கற்பனைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஜெரோல்ட் 1987-லேயே எழுதிவிட்டார். டகேய் அதற்கும் முன்னால் கேட்டுவிட்டார். அனுமதி கொடுக்க வேண்டிய நாற்காலிகளில் இருந்தவர்களுக்குத்தான், வரப்போகும் புகார்க் கடிதங்களின் மேல் பயம் இருந்தது. வந்த கடிதங்களை ஃபைல் போட்டு வைத்த ஒருவர் அந்த நாற்காலிக்கு வந்தபோதுதான் கதவு திறந்தது.

அது திறந்தபோது உள்ளே பெரிய புரட்சி எதுவும் இல்லை. வேலை முடிந்து களைத்துப்போன இரண்டு பேர், தூங்கப் போகும் முன் பல் துலக்கிக்கொண்டிருந்தார்கள்.